கிட்டார் சத்தம் விட்டு விட்டு வருகிறதா? பிக்கப்பை மாற்றுவதற்கு முன்னால் கொஞ்சம் பொறுங்கள்

எலெக்ட்ரிக் கிட்டாரில் சத்தம் ஒரேயடியாகப் போய்விட்டால் அது சுலபமான கேஸ். எங்கேயோ ஒரு வயர் விட்டிருக்கும், தேடினால் கிடைத்துவிடும். விட்டு விட்டு வருகிறது பாருங்கள், அதுதான் ஆளைக் கொல்லும். மேடையில் பல்லவி முடிந்து இடையிசையில் நாம் வாசிக்க வேண்டிய இடம் வரும்போது சத்தம் காணாமல் போகும், வீட்டுக்குக் கொண்டுவந்து மடியில் வைத்து மீட்டினால் ஒன்றுமே நடக்காத மாதிரி கணீரென்று கேட்கும். டாக்டர் வீட்டு வாசலை மிதித்ததும் காய்ச்சல் இறங்கிவிடுகிற கதைதான்.

என்னுடையது ஸ்ட்ராட் (ஸ்ட்ராட்டோகாஸ்டர்) மாடல், மூன்று சிங்கிள் காயில் பிக்கப். பிக்கப் என்றால் தந்தியின் அதிர்வைச் சிக்னலாக மாற்றுகிற காந்தச் சுருள், சிங்கிள் காயில் என்றால் ஒற்றைச் சுருள். தூத்துக்குடியில் எங்கள் கோயில் பாடகர் குழுவிலும், கல்யாண வரவேற்புக்குப் போகிற ஒரு மெல்லிசைக் குழுவிலும் வாசிக்கிறேன். உட்கார்ந்து வாசித்தால் பிரச்சினை இல்லை. ஸ்ட்ராப் மாட்டி நின்றுகொண்டு, டிரம்ஸ் பக்கம் பார்க்கலாம் என்று இடதுபுறம் திரும்பினால் சத்தம் கட். கேபிளை லேசாகத் தட்டினால் வந்துவிடும். சில நாள் வராது. இதற்கு ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். கீபோர்டு வாசிக்கிற அண்ணன் ஆம்ப் போச்சு என்றார். மைக்செட்காரர் "எங்க லைன்ல ஒண்ணும் இல்ல தம்பி, உங்க கிட்டாரைப் பாருங்க" என்றார், மைக்செட்காரர்கள் வேறு எதுவும் சொல்லி நான் கேட்டதில்லை. பேஸ் வாசிக்கிற பையன் யூடியூபில் எதையோ பார்த்துவிட்டு "பிக்கப் செட்டையே மாத்திடுங்கண்ணே, சவுண்டும் நல்லா இருக்கும்" என்றான். அவன் சொன்னது பல ஆயிரம் ரூபாய் யோசனை.

விட்டு விட்டு வரும் சத்தத்துக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: எங்கேயோ இரண்டு உலோகம் தொட்டுக்கொண்டிருக்க வேண்டிய இடத்தில் ஒன்று அசைகிறது. ஒரு நட்டு, ஒரு தகடு, ஒரு வயர் இழை, ஒரு துருப்பிடித்த முனை. ஆகவே எந்த அசைவில் சத்தம் போகிறது என்று கண்டுபிடித்தால் முக்கால் வேலை முடிந்தது. இதை மேடையில் செய்ய முடியாது, அங்கே சத்தத்தை எப்படியாவது வரவைப்பதுதான் நம் குறி. வீட்டில் அதற்கு நேர் எதிராகச் செய்ய வேண்டும். சத்தத்தைப் போகவைக்க வேண்டும். ஒவ்வொரு இடமாக ஆட்டி, அழுத்தி, திருப்பி, எப்போது போகிறது என்று பார்க்க வேண்டும். போனால் கையை எடுக்காமல் அப்படியே நின்று என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். பதறிப்போய்த் தட்டி, உலுக்கி, சத்தத்தைத் திரும்ப வரவைத்துவிட்டால் கையில் கிடைத்த தடயமும் போயிற்று.

முதலில் காதால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. சத்தம் போகும்போது ஆம்ப் எப்படிப் போகிறது? மூன்று விதம் உண்டு. பெரிய உறுமலோடு போனால் எர்த் வயர் விட்டிருக்கிறது என்று அர்த்தம், அதாவது ஜாக்கின் (கிட்டாரில் கேபிளை மாட்டுகிற ஓட்டை) வெளிவட்டத்துக்கு வருகிற வயர் அல்லது கேபிளின் வெளிப்பின்னல். லேசான இரைச்சலும் சடசடப்புமாகப் போய், கிட்டார் ஒலி மட்டும் இல்லையென்றால் சிக்னல் வயர் எங்கேயோ அறுந்து தொங்குகிறது, அந்த அறுந்த முனை ஆண்டெனாவாகி அறையில் இருக்கிற ட்யூப்லைட் இரைச்சலையெல்லாம் இழுக்கிறது. மூன்றாவது, சுத்தமான நிசப்தம். ஒரு சின்ன இரைச்சல்கூட இருக்காது, வால்யூமைப் பூஜ்யத்துக்குத் திருப்பிவைத்த மாதிரி. அப்போது சிக்னல் வயர் அறுந்திருக்கவில்லை, எர்த்தைப் போய்த் தொடுகிறது. ஷார்ட். வால்யூம் குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்பும்போது உள்ளே நடப்பதும் அதேதான். ஆம்பின் கடைசிக் கட்டத்திலோ ஸ்பீக்கரிலோ கோளாறு என்றாலும் இப்படி நிசப்தமாகும், அதைக் கீழே சொல்கிற சோதனையில் பிரித்துவிடலாம். என்னுடையது இரண்டாவது ரகம், சடசடவென்று இரண்டு முறை வெடித்துவிட்டு மெல்லிய இரைச்சலோடு போகும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைக் கேட்டுக்கொண்டு வருபவர்கள் உண்டு. ஒரே ஒரு தந்தி மட்டும், ஒரே ஒரு இடத்தில் அழுத்தும்போது, அல்லது மேலே இழுத்து பெண்ட் பண்ணும்போது மட்டும் செத்துப்போகிறது என்றால் அது வயரிங் பிரச்சினையே இல்லை. தந்தி அடுத்த ஃப்ரெட்டில், அதாவது கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டையில், இடிக்கிறது. பிரிட்ஜ் உயரம், கழுத்து வளைவு, ஃப்ரெட் தேய்மானம் என்று அது தனி வேலை. கரண்டுக்கு எந்தத் தந்தி என்று தெரியாது.

சரி, சோதனை. ஒலியை மாற்றுவதற்குக் காலடியில் வைக்கிற எஃபெக்ட் பெடல் அத்தனையையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு கிட்டார், ஒரு கேபிள், ஆம்ப் என்று நேரடியாக மாட்டுங்கள். கோளாறு போய்விட்டால் பெடல் வரிசையில் இருக்கிறது, ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துக்கொண்டு வந்தால் எது என்று தெரிந்துவிடும். பெடல்களுக்கு நடுவில் போடுகிற அந்தக் குட்டிக் கேபிள்கள்தான் பெரும்பாலும் கள்ளன். ஒரே அடாப்டரில் இருந்து எல்லாப் பெடலுக்கும் கரண்ட் கொடுக்கிறவர்கள் மில்லி ஆம்பியரைக் கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள், டிஜிட்டல் டிலே மாதிரியான பெடல்களுக்குக் கரண்ட் போதாவிட்டால் நடுவில் அணைந்து எழுந்திருக்கும். நாய்ஸ் கேட் (சத்தம் ஒரு அளவுக்குக் கீழே போனால் அடைத்துவிடுகிற பெடல்) வைத்திருந்தால் அதன் த்ரெஷோல்டையும், அதாவது அந்த அளவையும், பாருங்கள். நீட்டிப் பிடித்த சுரம் தேய்ந்துகொண்டு வந்து திடீரென்று வெட்டுப்பட்டால் அது கோளாறு இல்லை, அந்தப் பெடல் தன் வேலையைத்தான் செய்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் ரிசீவர் போடுகிறவர்களுக்கும் இதே பேச்சு: வைஃபையும் ப்ளூடூத்தும் ஓடுவது அதே பட்டையில்தான், மண்டபத்தில் ஆயிரம் பேர் கையில் போனோடு வந்து உட்கார்ந்தபின் அது தடுமாறினால் கிட்டாரைத் திட்டிப் பயனில்லை.

நேரடியாக மாட்டியும் கோளாறு இருந்தால் அடுத்து கேபிள். நல்லது என்று தெரிந்த வேறொரு கேபிளைப் போட்டுப் பார்ப்பதுதான் ஒரே சரியான வழி. "இது புதுக் கேபிள்தான்" என்பது பதில் ஆகாது. கேபிள் நடுவில் அறுவது அபூர்வம், பின்னுக்குள் (ஜாக்கில் சொருகுகிற உலோக முனை) நுழைகிற அந்த இரண்டு அங்குலத்தில்தான் அறும். ஆம்பில் மாட்டிவிட்டு, பின்னுக்குப் பக்கத்தில் கேபிளை நாலு பக்கமும் வளைத்துப் பாருங்கள். ரப்பரோடு வார்த்து மூடிய பின் என்றால் திறக்க முடியாது, வெட்டிவிட்டு வேறு பின் போட வேண்டியதுதான். கடையில் போய்க் கால் இஞ்ச் மோனோ ஜாக் என்றால் சிலருக்குப் புரியாது, பி-38 என்றால் உடனே எடுத்துக் கொடுப்பார்கள். கழுத்தைத் திருகித் திறக்கிற உலோகப் பின்னாக வாங்கினால் அடுத்த முறை ஐந்து நிமிஷத்தில் சரிசெய்துகொள்ளலாம். கேபிளை முழங்கையில் சுற்றிச் சுற்றி முறுக்கி வைக்கிறவர்கள் அதை நிறுத்தினாலே பாதிப் பிரச்சினை குறையும். அப்புறம் ஒரு வழக்கம்: கேபிளை நேரே ஜாக்கிலிருந்து தொங்கவிடாமல், ஸ்ட்ராப்புக்கும் கிட்டார் உடம்புக்கும் நடுவில் ஒரு வளைவு விட்டு மாட்டுங்கள். யாராவது மிதித்தாலும் இழுவிசை ஸ்ட்ராப்பில் போகும், ஜாக்கில் போகாது.

நான் கேபிளை மாற்றினேன், கோளாறு அப்படியே இருந்தது. ஆம்புக்கு வந்தேன்.

ஆம்பைச் சோதிக்கச் சுலபமான வழி வேறு கிட்டாரை மாட்டுவதுதான். அது இல்லையென்றால், வால்யூமை நன்றாகக் குறைத்துவிட்டு, கிட்டார் பக்கம் கேபிளைக் கழற்றி அந்தப் பின்னின் நுனியை விரலால் தொடுங்கள். உர்ரென்று கேட்டால் அங்கேவரை உயிர் இருக்கிறது. எர்த் சரியாக இருக்கிற பிளக்கில் மட்டும் இதைச் செய்யவும். எதனால் என்று பிறகு சொல்கிறேன். பின்னை ஆம்பின் இன்புட்டில் மாட்டி மேலும் கீழும் மெதுவாக அழுத்தும்போது சத்தம் போய்ப் போய் வந்தால், உள்ளே போர்டில் அந்த ஜாக்கின் ஈயம் விரிசல் விட்டிருக்கிறது.

ஆம்ப் விஷயத்தில் பலருக்குத் தெரியாத ஒரு இடம் உண்டு. பின்பக்கம் செண்ட், ரிட்டர்ன் என்று இரண்டு ஓட்டைகள் இருக்குமே, எஃபெக்ட்ஸ் லூப், ஆம்புக்கு நடுவில் பெடலைச் சேர்க்கிற வழி, அதை நம்மில் முக்கால்வாசிப் பேர் ஆயுசுக்கும் தொடுவதில்லை. அங்கேதான் வினை. ரிட்டர்ன் ஜாக்கில் எதுவும் மாட்டாதபோது உள்ளே ஒரு சின்னத் தகடு தொட்டுக்கொண்டு சிக்னலை நேரே அனுப்பும். வருஷக்கணக்கில் யாரும் மாட்டாமல் விட்டால் அந்தத் தகட்டில் கருப்பு ஏறி, தொடர்பு நைந்துபோகும். எங்கள் கோயில் ஹாலில் கிடக்கிற ஆம்பில் இதுதான் இருந்தது: மெதுவாக வாசித்தால் சத்தம் மங்கி மறையும், ஒரு கார்டை ஓங்கி அடித்தால் திரும்ப வரும். செண்டிலிருந்து ரிட்டர்னுக்கு ஒரு குட்டிக் கேபிள் போட்டேன், சரியாகிவிட்டது. அது தற்காலிகம்தான், ஆனால் காரணம் அங்கே என்று நிரூபணம் ஆகிவிடும். பிறகு கான்டாக்ட் கிளீனரை (மின்தொடர்பு முனைகளைச் சுத்தம் செய்கிற ஸ்ப்ரே) பின்னில் அடித்துப் பல முறை மாட்டிக் கழற்றினால் போதும். சின்ன ப்ராக்டிஸ் ஆம்புகளில் ஹெட்ஃபோன் ஓட்டைக்கும் இதே கதை, ஹெட்ஃபோன் மாட்டினால் ஸ்பீக்கரை அணைக்கிற தகடு உள்ளே இருக்கிறது, அது அழுக்கானால் ஹெட்ஃபோன் இல்லாமலேயே ஸ்பீக்கர் ஊமையாகும்.

இதற்கு மேல் ஆம்புக்குள் போகாதீர்கள். வால்வ் ஆம்ப் என்றால் கண்டிப்பாகப் போகாதீர்கள். பிளக்கைப் பிடுங்கியபிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் சில நூறு வோல்ட் தங்கியிருக்கும். கிட்டாருக்குள் அப்படி எதுவும் இல்லை, கேபிளைக் கழற்றிவிட்டால் குழந்தைகூடத் திறக்கலாம்.

என் ஆம்ப் நன்றாக இருந்தது. ஆக, கிட்டார்தான். ஆனால் ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றாமல் கிட்டாருக்குள் எங்கே கோளாறு என்று பார்த்துவிடலாம், அதற்கு ஒரு மல்டிமீட்டர் போதும். டிடி-830டி என்று ஒரு மஞ்சள் மீட்டர் எல்லா எலெக்ட்ரானிக்ஸ் கடையிலும் தொங்கும், அதுவே தாராளம். நல்ல கேபிளைக் கிட்டாரில் மாட்டி, கிட்டார் வால்யூமை முழுசாக வைத்து, கேபிளின் மறுமுனையில் மீட்டரின் ஒரு ஊசியைப் பின்னின் நுனியிலும் இன்னொன்றை அதே பின்னின் உடம்பிலும் வையுங்கள், 20 கிலோ ஓம் ரேஞ்சில். ஸ்ட்ராட் வகை சிங்கிள் காயில் என்றால் 6 கிலோ ஓம் ஒட்டி வரும். ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) என்றால் 7 முதல் 9 வரை, கொஞ்சம் காரமான பிக்கப் என்றால் 14, 15 கூட வரும். ஸ்ட்ராட்டில் பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கிற ஐந்து இட ஸ்விட்ச்சை 2, 4 இடங்களில் வைத்தால் இரண்டு பிக்கப் சேர்ந்து பேசுவதால் பாதியாகி 3 ஒட்டி வரும். இந்த ஐந்து எண்ணையும் குறித்துவைத்துக்கொண்டால் கிட்டாரின் ஜாதகமே கையில் இருக்கிறது.

இப்போதுதான் வேலை. மீட்டரைப் பார்த்துக்கொண்டே ஜாக்கை ஆட்டுங்கள், ஸ்விட்ச்சை அழுத்துங்கள், குமிழ்களைத் தட்டுங்கள். எண் பூஜ்யத்துக்கு விழுந்தால் ஷார்ட். மீட்டர் வெறும் 1 என்று காட்டினால் அந்த ரேஞ்சுக்கு மேலே போய்விட்டது என்று அர்த்தம், உடனே 2000 கிலோ ஓம் ரேஞ்சுக்கு மாற்றுங்கள். அங்கே 250 ஒட்டி நின்றால் மீட்டர் பார்ப்பது வால்யூம் கண்ட்ரோலை மட்டும்தான், ஏனென்றால் சிங்கிள் காயில் கிட்டார்களில் அது 250 கிலோ ஓம், ஹம்பக்கர் கிட்டார்களில் பொதுவாக 500. அப்படியானால் ஜாக் நன்றாக இருக்கிறது, வால்யூமும் நன்றாக இருக்கிறது, அதற்கு அந்தப் பக்கம் ஸ்விட்ச்சோ பிக்கப்போ விட்டுப்போயிருக்கிறது. அங்கேயும் 1 என்று நின்றால் வால்யூமுக்கு இந்தப் பக்கம், அதாவது ஜாக்கோ அதற்கு வருகிற வயரோ. எனக்கு மீட்டர் 5.9 காட்டிக்கொண்டிருந்தது, பின்னை இடதுபுறம் லேசாகச் சாய்த்ததும் 1. ரேஞ்சை மாற்றினேன், அங்கேயும் 1. பிக்கப் செட்டுக்கு எடுத்துவைத்த பணம் மிச்சம்.

ஸ்ட்ராட்டில் ஜாக் ஒரு படகு வடிவத் தகட்டில் உட்கார்ந்திருக்கும், இரண்டே ஸ்க்ரூ. கழற்றித் தகட்டை வெளியே இழுத்தால் ஜாக் கைக்கு வந்துவிடும். எனக்குத் தகட்டைத் தொட்டதுமே தெரிந்தது, ஜாக்கின் நட்டு விரலாலேயே சுற்றியது. நட்டு தளர்ந்ததால், ஒவ்வொரு முறை பின் மாட்டும்போதும் கழற்றும்போதும் ஜாக் மொத்தமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியிருக்கிறது, உள்ளே இரண்டு வயரும் ஒன்றோடு ஒன்று முறுக்கிக்கொண்டு கிடந்தன. வெள்ளை வயரில் இருக்க வேண்டிய செம்பு இழைகளில் இரண்டு மூன்று மட்டும் ஈயத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன, மற்றவை அறுந்து, முனையில் பச்சை பூத்திருந்தன. நான் நின்று இடதுபுறம் திரும்பும்போது கேபிள் வலதுகாலில் இடித்து ஜாக்கை ஒரு இம்மி திருப்புகிறது, அந்த மிச்ச இழைகளும் ஈயத்தைவிட்டுத் தூக்குகின்றன. அவ்வளவுதான் சமாச்சாரம்.

அந்த ஜாக்கையே கொஞ்ச நேரம் பாருங்கள், எளிமையான பொருள். பின்னின் உடம்பைத் தொடுகிற ஒரு வளையம், நுனியைத் தொடுகிற வளைந்த ஒரு தகடு. பின்னை மாட்டிப் பார்த்தால் நுனிக்குக் கீழே இருக்கிற பள்ளத்தில் அந்தத் தகடு வந்து கிளிக்கென்று உட்காரும். நாள்பட்டால் தகடு களைத்துப்போய் விரிந்துவிடும், பின் லொடலொடவென்று ஆடும், சத்தம் போய் வரும். பின்னைக் கழற்றிவிட்டு விரலால் தகட்டை லேசாக உள்பக்கம் வளைத்துவிட்டால் மறுபடி பிடிக்கும். லேசாக என்றால் லேசாகத்தான், அடிக்கடி வளைத்தால் உடையும். தகட்டின் தொடும் இடம் கருத்திருந்தால் காது குடையும் பட்ஸில் கான்டாக்ட் கிளீனர் நனைத்துத் துடையுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் மேல்பூச்சு போய் அப்புறம் சீக்கிரமே துருவேறும்.

பற்றவைப்பது பெரிய வித்தையில்லை, ஆனால் அவசரத்துக்கு ஆகாது. வயரைக் கொஞ்சம் வெட்டி, பளபளவென்று செம்பு தெரிகிற இடம்வரை தோலை உரியுங்கள். எங்கள் ஊர் உப்புக்காற்றில் தோலுக்கு உள்ளேயே செம்பு கருத்துப்போயிருக்கும், கருத்த செம்பில் ஈயம் ஒட்டாது, பிளேடால் சுரண்ட வேண்டும். சுரண்டியபின் வயர் முனையில் முதலில் ஈயம் பூசிக்கொள்ளுங்கள். பழைய ஈயத்தை எடுத்துவிட்டு ஜாக்கின் காதில் (வயர் ஒட்டுகிற சின்ன உலோக முனை) வயரைக் கோத்து, அயர்னைக் காதில் வைத்துச் சூடாக்கி, ஈயத்தைக் காதில் காட்டுங்கள், அயர்ன் முனையில் காட்டாதீர்கள். உள்ளே ரோசின் இருக்கிற 60/40 ஈயம் சுமார் 190 டிகிரியில் உருகும், ஜாக்குக்கு 25 வாட் அயர்ன் போதும். வால்யூம் கண்ட்ரோலின் முதுகில் எர்த் வயர் ஒட்டுவதற்கு அது போதாது, அந்த உலோகம் சூட்டையெல்லாம் குடித்துவிடும், 40 வாட்டுக்கு மேல் வேண்டும். ஆறும்வரை வயரை அசைக்கக் கூடாது, ஊதவும் கூடாது. ஆறியபின் பளபளப்பாக, சரிந்து பரவியிருந்தால் நன்று. மங்கலாக, மணல் மணலாக, உருண்டையாக நின்றால் டிரை சால்டர், டிவி மெக்கானிக்குகள் சொல்வார்களே அதுதான், இன்னும் சில மாதத்தில் இதே கோளாறோடு திரும்ப வரும். தகரம் பற்றவைக்கிற ஆசிட் பக்கம் போகவே வேண்டாம். கிட்டார்மேல் ஒரு பழைய துணியைப் போட்டுக்கொள்ளுங்கள், தெறிக்கிற ரோசின் பெயின்டில் தழும்பு போடும்.

நட்டை இறுக்கும்போது பின்னால் ஜாக்கை விரலால் பிடித்துக்கொண்டுதான் இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்பானர் சுற்றச் சுற்ற ஜாக்கும் சேர்ந்து சுற்றி, புதிதாக ஒட்டிய வயரை அங்கேயே முறுக்கிவிடும். ஜாக்குக்கும் தகட்டுக்கும் நடுவில் பல் வாஷர் ஒன்று போட்டால் நட்டு சீக்கிரம் தளராது. பிறகு பின்னை மாட்டிய நிலையில் நுனியைத் தொடுகிற தகடு எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று பாருங்கள். கிட்டார் உடம்பில் ஜாக் உட்காருகிற குழியின் உட்சுவரில் எர்த்தோடு சேர்ந்த செம்பு ஃபாயிலோ கரண்ட் கடத்துகிற கருப்புப் பெயின்டோ இருந்தால், பின் மாட்டும்போது வெளியே தள்ளுகிற அந்தத் தகடு அதைத் தொட்டுவிடும். முன்னே சொன்ன சுத்தமான நிசப்தம் பல கிட்டார்களில் இதனால்தான் வருகிறது. அந்த இடத்தில் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டினால் தீர்ந்தது.

மீட்டர் உங்களுக்கு ஜாக்கைக் காட்டாமல் 250 காட்டியிருந்தால் ஸ்விட்ச் பக்கம் போங்கள். ஆம்பில் மாட்டி, ஸ்விட்ச்சை ஒவ்வொரு இடமாக வைத்து, சின்ன ஸ்க்ரூடிரைவரால் பிக்கப்பின் காந்த முனைகளை மெதுவாகத் தட்டுங்கள். உயிருள்ள பிக்கப் டக் என்று சொல்லும். எல்லா இடத்திலும் விட்டு விட்டு வந்தால் குற்றம் பிக்கப்பில் இருக்க வழியில்லை, மூன்று பிக்கப்பும் பேசிவைத்துக்கொண்டு ஒன்றாகக் கெடாது. ஸ்விட்ச்சின் பொதுத் தகடுதான். இரண்டு இடங்களுக்கு நடுவே நிற்கும்போது மட்டும் போனால் தேய்மானம். 1954-ல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்தபோது அதில் மூன்று இடம்தான், வாசிப்பவர்கள் ஸ்விட்ச்சை நடுவே சொருகி நிறுத்தி இரண்டு பிக்கப் சேர்ந்த அந்த ஒலியைத் திருட்டுத்தனமாக எடுத்தார்கள், 1977-ல்தான் கம்பெனியே ஐந்து இட ஸ்விட்ச் போட்டுக் கொடுத்தது. 2-லும் 4-லும் ஒரே தகடு இரண்டு முனையையும் ஒரே சமயத்தில் பிடிக்க வேண்டியிருப்பதால் அழுக்கு முதலில் காட்டிக்கொடுப்பது அங்கேதான்.

கான்டாக்ட் கிளீனர் அடித்து ஸ்விட்ச்சை முன்னும் பின்னும் நன்றாக ஓட்டுங்கள், வால்யூம், டோன் குமிழ்களையும் அப்படியே. சாதாரண டபிள்யூடி-40 இதற்கில்லை. அது எண்ணெய்ப் படலத்தை விட்டுவைக்கும், தூசு வந்து அப்பும். அதே பெயரில் கான்டாக்ட் கிளீனர் என்று தனி டப்பா வருகிறது, கடையில் கேட்டு வாங்கும்போது எழுத்தைப் படித்து வாங்குங்கள். கரகரப்பு கிளீனருக்கு அடங்கிவிடும். குறிப்பிட்ட ஒரு இடத்தில் குமிழைத் திருப்பினால் சத்தமே அறுகிறது, கிளீனருக்குப் பிறகும் அறுகிறது என்றால் உள்ளே கரித்தடம் தேய்ந்துவிட்டது, மாற்றுவதைத் தவிர வழியில்லை.

பிக்கப் நிஜமாகவே போவதும் உண்டு, அபூர்வமாக. உள்ளே சுற்றியிருக்கிற கம்பி 42 கேஜ், 0.06 மில்லிமீட்டர் சொச்சம்தான் தடிமன், தலைமுடியில் நிறைய அதைவிடத் தடித்தது. அந்தக் கம்பி வெளிவயரோடு சேருகிற இடத்தில் வியர்வையும் உப்பும் பட்டு அரித்தால், வெயிலில் விரியும்போது விட்டு, குளிர்ந்தால் சேர்ந்துகொள்ளும். பிக்கப்பின் இரண்டு வயரிலும் நேரடியாக மீட்டர் வைத்து, எண் நிலையாக இல்லையென்றால் மட்டும் அந்த முடிவுக்கு வாருங்கள்.

பேட்டரி போடுகிற ஆக்டிவ் பிக்கப் என்றால் மேலே சொன்ன ஓம் கணக்கு எதுவும் செல்லாது. அங்கே சத்தம் முதலில் கிழிந்து, மெலிந்து, பிறகு போகும், 9 வோல்ட் பேட்டரியை மாற்றினால் வரும். இந்தக் கிட்டார்களில் ஸ்டீரியோ ஜாக் போட்டிருப்பார்கள், மோனோ பின் உள்ளே போகும்போது அதன் உடம்பு இரண்டு முனைகளைச் சேர்த்துப் பேட்டரியை ஆன் செய்கிறது. ஆகவே ராத்திரி கேபிளை மாட்டியபடியே விட்டால் பேட்டரி ராத்திரி முழுக்க ஓடும். ஸ்டீரியோ பின் உள்ள கேபிளை மாட்டினால் பேட்டரி ஆன் ஆகாது, புதுப் பேட்டரியிலும் நிசப்தம்தான்.

கடைசியாக, எர்த். திறந்தவெளி மேடைகளில், ஜெனரேட்டரில், இரண்டு பின் பிளக்கில் ஆம்ப் ஓடும் இடங்களில் மைக்கில் உதடு பட்டதும் சுருக்கென்றால் வாசிப்பதை நிறுத்திவிடுங்கள். கிட்டார் தந்திகள் பிரிட்ஜ் வழியாக ஆம்பின் எர்த்தோடு சேர்ந்திருக்கின்றன, ஒரு கையில் தந்தி, உதட்டில் மைக் என்றால் நடுவில் நம் உடம்புதான் வயர். 1972-ல் ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி வேல்ஸின் ஸ்வான்சீயில் எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்துபோனார். உறுமல் சத்தம் போகட்டும் என்று பிளக்கின் மூன்றாவது பின்னை உடைக்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். பாடுவதற்கு முன் மைக் வலையில் ஒரு லைன் டெஸ்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள், எரிந்தால் மைக்செட் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். எரியாததை மட்டும் நம்பிவிட வேண்டாம், உதட்டில் சுருக்கென்றால் எரிந்தாலும் எரியாவிட்டாலும் நிறுத்துவதுதான்.

புது ஜாக் வாங்கப் போனால் பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். தகடு வெளியே தெரிகிற திறந்த ரகமாகக் கேளுங்கள், வளைத்துவிடலாம், துடைக்கலாம். பிளாஸ்டிக் பெட்டிக்குள் மூடிய ரகம் ஸ்ட்ராட்டின் படகுத் தகட்டுக்குள் உட்காரவும் உட்காராது, கெட்டால் உள்ளே பார்க்கவும் முடியாது. நான் வாங்கும் கடை அண்ணாச்சி இரண்டையும் மேசையில் வைத்து "மூடினது விலை கம்மி" என்பார், திறந்தது நூறு இருநூறு ரூபாய் கூட இருந்தாலும் அதையே எடுங்கள், எடுப்பதற்கு முன் பையிலிருக்கிற உங்கள் கேபிளை அதில் மாட்டி, கிளிக்கென்று உட்காருகிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள்.